என் பெண்டாட்டியிடம் மட்டும் பேசிய சிஸ்டர்

பெங்களூர் அல்சூரில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் பிறந்தவன் நான். படிப்பு அஞ்சாவதோடு சரி. பன்னிரண்டு வயதில் தண்ணீருக்குக் கையால் துளை போட்டு போர் இறக்கும் கூட்டத்தில் கம்பி சுற்றப் போனேன். இருபத்தெட்டில் சொந்தமாகப் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்தேன். உனக்கெல்லாம் போர் லாரியா என்று ஒரு பேங்க் மேனேஜர் சிரித்தார். ரெண்டே வருஷத்தில் அந்த லாரியை வாங்கி, அவர் வீட்டுக்கே போர் போட்டுக் கொடுத்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று இன்ஜினியர்கள் தண்ணீர் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன இடத்தில், முந்நூற்றிருபது அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவிட்டுக் காட்டினேன். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ராகிக் காடாக இருந்த நாளிலேயே அங்கே என் லாரி போயிருக்கிறது. மூன்று தண்ணீர் டேங்கர், மாடி வைத்த வீடு, இன்ஜினியருக்குப் படித்த மகன். இங்கிலீஷில் எனக்கு என் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். இத்தனையும் அந்தக் கையெழுத்தில் நடந்ததுதான்.

இதை முதலில் சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் நான் எழுதப் போகிற நர்ஸ் அம்மாவுக்கு இதில் ஒன்றுகூடப் பெரிதாகப் படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவி தனத்துக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. பல வருஷத்துச் சர்க்கரை வியாதி செய்த வேலை. பிரேசர் டவுன் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் மாடியில் நாலு கட்டில், நாலு மெஷின். வாரத்துக்கு இரண்டு நாள், நாலு நாலு மணி நேரம், கையில் ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் பண்ணித் திரும்ப உள்ளே விடுவார்கள். டயாலிசிஸ். டாக்டர் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் அந்த மாடியில் சட்டம் அந்த சிஸ்டர் போடுவதுதான். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், என்னைக் கேட்டு எழுதினீங்களா என்று வந்து நிற்பார். ‘அவர்’ என்று மரியாதையாகத்தான் எழுதுகிறேன். அந்த நாளில் மனசுக்குள் நான் வைத்திருந்த பெயர்கள் வேறு.

நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். தினமும் பங்காரப்பேட்டையிலிருந்து ரயிலேறி, கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வருவார். மற்ற நர்ஸ்கள் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பையில் ஒரு நகவெட்டியும் சின்ன எண்ணெய்ப் புட்டியும் இருக்கும். மத்தியானச் சோற்றை ஜன்னல் ஓரம் நின்றுகொண்டே சாப்பிடுவார், கண் மட்டும் கட்டில்கள் மேலேயே இருக்கும்.

முதல் நாள் தனத்தைப் பார்த்து, “எப்டி இருக்கீங்கக்கா?” என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். “நல்லாத் தூங்கினா சிஸ்டர். ரெண்டு இட்லி சாப்ட்டா. ஒடம்புல கொஞ்சம் அரிப்பு, அவ்ளோதான்.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பவேயில்லை. வலது கையை மட்டும் தூக்கினார், டிராபிக் போலீஸ் லாரியை மடக்குவதுபோல.

“கிட்னி உங்களுதா அண்ணா?”

“இல்ல, அவளுது.”

“தூக்கம் யாருது?”

“அவளுதுதான்.”

“அப்ப பதிலும் அவங்களுது. நீங்க போயி வெளிய பெஞ்சுல உக்காருங்க.”

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் குழாயோடு குழாயாகக் குலுங்கிச் சிரித்தார். நாற்பது ஆள் வைத்து வேலை வாங்குகிறவன் நான். என் குரல் கேட்டால் லாரி டிரைவர் பீடியை அணைத்துவிடுவான். என்னைப் பெஞ்சுக்கு அனுப்பினார். நானும் போனேன், அதுதான் இன்னும் ஆத்திரம்.

பெஞ்சிலிருந்து பார்த்தால் கதவு வழியாகத் தெரியும். தனம் வாய் திறந்து பேசுவதற்குள் ஒரு பஸ் வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும். முப்பது வருஷமாக அவளுக்குப் பதிலாக நான்தான் பேசி வந்தேன், வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று. இந்த அம்மாவோ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். சும்மா. மெஷின் நாலும் ஓடுகிறது, ஒன்று பீப் பீப் என்று கத்துகிறது, எழுந்துபோய் அதை அடக்கிவிட்டுத் திரும்ப வந்து அதே ஸ்டூலில் அதே பதிலுக்காக உட்காருவார். இப்படி வேலை செய்தால் எந்தக் காலத்தில் போர் முடியும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அந்த அரிப்பு ‘கொஞ்சம்’ இல்லை என்று அப்படித்தான் வெளியே வந்தது. முதுகிலும் தொடையிலும் சொறிந்து சொறிந்து ரத்தக்கோடு விழுந்திருந்தது. கிட்னிக்காரர்களுக்கு உப்பும் கழிவும் உடம்பில் தங்கி, தோல் காய்ந்து இப்படி ஆகுமாம். சிஸ்டர் என்னிடம் வந்தார்.

“குளிக்கற தண்ணில இன்னா போடறீங்க?”

அப்பாடா, நம்மைக் கேட்கிறார்களே என்று எனக்குப் பெருமை. “வேப்பிலை, சிஸ்டர். ஆள உட்டுப் பறிச்சுட்டு வந்து, கொதிக்கக் கொதிக்க ஊத்தறோம். கிருமி மருந்து வேற ஒரு மூடி. காலையிலயும் சாயங்காலமும். நல்லா சோப்பு போட்டுத் தேய்ப்பா என் மருமக.”

“கோழிய உரிக்கறாப்ல உரிச்சு வெச்சிருக்கீங்க.”

அன்றே எல்லாவற்றையும் மாற்றினார். கை பொறுக்கிற வெதுவெதுப்புத் தண்ணீர், ஒரே வேளை. சோப்பு அக்குளுக்கும் காலிடுக்குக்கும் மட்டும். துண்டால் தேய்க்கக்கூடாது, ஒற்றி எடுக்கவேண்டும். ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய். அரித்தால் நகம் போடாமல் ஈரத்துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தவேண்டும். டாக்டர் கொடுத்திருந்த ஒரு மாத்திரையை, அவள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினால்தான் வேலை செய்யுமாம். நகவெட்டியை எடுத்துத் தனத்தின் பத்து விரலையும் ஒட்ட வெட்டிவிட்டார். மூன்று வாரத்தில் கோடுகள் காய்ந்தன. அரிப்பு முழுசாகப் போகவில்லை. போகாது என்று அவரே சொல்லியிருந்தார். தனம் இரவில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். நான் நன்றி சொல்லப் போனேன். “அக்கா சொன்னாங்க, நான் செஞ்சேன். உங்களுக்கு இதுல இன்னா?” என்றார். நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜன்மம்.

அடுத்தது தாகம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்றார். காப்பி, மோர், சாம்பார், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். கூடினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும்.

“இந்த ஊருக்கே தண்ணி குடுத்தவன் நானு. என் பொண்டாட்டி அரை டம்ளருக்குக் கெஞ்சணுமா?”

“உங்க தண்ணிய ஊருக்கே குடுங்க அண்ணா. இவங்களுக்கு மட்டும் வேணாம்.”

கோபம் வந்தால் அந்த அம்மா கன்னடத்துக்குப் போய்விடுவார். நான் மேலே மேலே பேசவும், “சும்னிரி அண்ணா!” என்று ஒரு அதட்டு. பேசாமல் இருங்கள் என்று அர்த்தம். பிறகு தனத்திடம் ஸ்டூலைப் போட்டு, தாகம் எப்போது, எதைச் சாப்பிட்டபின் அதிகம் என்று கேட்க ஆரம்பித்தார். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வரிசையாக வெளியே வந்தன. “உப்ப நிறுத்துங்கக்கா, பாதித் தாகம் தானா போயிடும்” என்றார். மீதிப் பாதிக்கு ஒரு வழி சொன்னார். முக்கால் லிட்டரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைப்பது. அதில் கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொள்வது. நடுவில் வாய் கொப்பளித்துத் துப்புவது. வந்தவர்களுக்கு நம் வீட்டில் காப்பி கொடுத்தால் வீட்டுக்காரியும் கூட உட்கார்ந்து குடிப்பதுதான் பழக்கம். அதற்கு, ஒரு சின்ன டவராவில் ரெண்டு வாய் மட்டும் ஊற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். “யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.” தனம் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகி இருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் தாங்காமல் நேராகவே கேட்டேன். “ஏன் சிஸ்டர், நான் சொன்னா மட்டும் ஏன் காதுல ஏற மாட்டேங்குது? நான் இன்னா எதிரியா?”

கை கழுவிக்கொண்டே சொன்னார். “எங்க நைனா குவாரில கல்லு ஒடச்சாரு அண்ணா. இருமுவாரு. பாக்க வரவங்க எப்டிப்பா இருக்கேன்னு கேட்டா, மேஸ்திரி முந்திக்குவாரு. ‘ஜம்முனு இருக்கான் சார்.’ எங்க நைனா பக்கத்துலயே நின்னு தலையாட்டுவாரு. மேஸ்திரி நல்லவருதான். பொங்கலுக்குத் துணியெல்லாம் எடுத்துக் குடுப்பாரு.” கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நானும் ஒரு மேஸ்திரியாக இருந்தவன்தான். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பழையபடி அவர்மேல் எரிச்சல் வந்துவிட்டது.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். போர் போடும்போது நிலத்துக்காரன் சொல்வதை நான் கேட்டதே கிடையாது. ‘எங்க தாத்தா காலத்துல இங்க ஊத்து இருந்துச்சு’ என்பான். துளையிலிருந்து வரும் தூளைக் கையில் அள்ளிப் பார்ப்பேன். நிறம் மாறுகிறதா, ஈரம் இருக்கிறதா, அது என்ன சொல்கிறதோ அதுதான் பேச்சு. அதே வேலையை அந்த அம்மா என் பெண்டாட்டியிடம் செய்தபோது மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மழைக்காலத்தில் தனம் தளர ஆரம்பித்தாள். கால் மரக்கட்டைபோல் இருக்கிறது என்பாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அது இளநீரிலும் வாழைப்பழத்திலும் காய்கறியிலும் இருக்கிற ஒரு உப்பு. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும், கெட்ட கிட்னி தள்ளாது. ரத்தத்தில் மிஞ்சிப்போனால் இதயம் அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். இளநீர், பழம் எல்லாம் எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொடுக்கிறோம். அப்படியும் அடுத்தடுத்து மூன்று தடவை ஏறியே இருந்தது. டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான் நெஞ்சில் அடித்துச் சொன்னேன், சொன்னபடி ஒரு இம்மி பிசகாமல் நடக்கிறது என்று.

மூன்றாவது தடவை மெஷினில் படுக்கவைக்கும்போது தனம் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும் சிஸ்டர். நான் இனிமே வரல.”

வராவிட்டால் பத்து நாளோ பதினைந்து நாளோதான். “இன்னா பேசற தனம்? அவ சும்மா சொல்றா சிஸ்டர், மழைக்கு ஒடம்பு...”

கை உயர்ந்தது. நான் நிறுத்தினேன்.

“சொல்லுங்கக்கா. ஏன் வேணாம்?”

வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டாள். வெளியே மழை பெய்து ஓய்ந்ததுகூடத் தெரிந்தது. “எல்லாம் சொல்றபடிதான் செய்யறேன். ஒண்ணும் ஆவல. சொல்றபடி செஞ்சும் ஆவலைன்னா எதுக்கு இந்த ஊசி?”

சிஸ்டர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. “நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க. வாய்ல போன எல்லாம்” என்றார். இட்லி ரெண்டு. ஐஸ் ரெண்டு கட்டி. மாத்திரை. மத்தியானம் சோறு ஒரு கரண்டி, வடிச்ச பீர்க்கங்காய்.

“சோத்துல இன்னா ஊத்தினீங்க?”

“ரசம். ஒரு கரண்டிதான். அளவு தாண்டல.”

“இன்னா ரசம்?”

“காய் வேகவெச்ச தண்ணில வெக்கற ரசம்.”

சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அந்த உப்பு தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் காயை அப்படி வேகவைப்பதே. அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். நாங்கள் அதிலேயே புளியும் தக்காளியும் கரைத்து ரசம் வைத்து, மூன்று வாரமாகத் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

“அந்தத் தண்ணிய கொட்டச் சொன்னேனே. யாரு வெக்கச் சொன்னது?”

“மருமக தெரியாம...” என்று நான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்பதை மறைக்கவில்லை.

“கலா கொட்டத்தான் போனா” என்றாள் தனம். நான் முடிப்பதற்குள் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. “‘சிஸ்டர் கொட்டச் சொன்னாங்க மாமா’ன்னு கேட்டா. இவருதான் அதட்டினாரு. ‘சத்தெல்லாம் அதுலதானே எறங்கிக்கீது, தண்ணியக் கொட்டறதா என் வீட்ல’ன்னு.”

உண்மைதான். நானூறு அடி பாறையைக் குடைந்து தண்ணீர் எடுத்தவனுக்குத் தண்ணீரைக் கொட்டக் கை வராது. என் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர்கூடச் செடிக்குப் போகும். தனத்துக்குச் சத்து ஏறட்டும் என்றுதான் சொன்னேன். கொல்ல நினைத்தா சொன்னேன்?

சிஸ்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. “இதுக்கு மூணு வாரம் ஆச்சேக்கா. முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“டாக்டர் இவரத்தான கேட்டாரு” என்றாள் தனம். “நீங்களும் ரெண்டு வாரமா லீவு.”

பங்காரப்பேட்டையில் அவருடைய மகளுக்குப் பிரசவம். அவர் ஸ்டூல் காலியாக இருந்த அந்த ரெண்டு வாரமும் அந்த மாடியில் யாரும் தனத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று ஆறு மணி நேரம் மெஷின் ஓடியது. கடைசியில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு தனம் அலறினாள். சிஸ்டர் ஓடிவந்து பாதத்தை மேல்நோக்கி அழுத்தி நீவிவிட்டார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வரலாமா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கேட்கத் தோன்றியது. யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

வலி அடங்கியதும் சிஸ்டர் கேட்டார், “ஏன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுக்கா. ரசம் நின்னா கால் தேறும். வியாழக்கெழம வரீங்களா?”

தனம் என்னைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரிடம் சொன்னாள். “வரேன். ஆனா இவரு பெஞ்சுல உக்காரக்கூடாது. இங்க எங்கூட, கட்டிலாண்ட உக்காரணும். நாலு மணி நேரமும் வாயத் தொறக்கக்கூடாது.”

“கேட்டீங்களா அண்ணா? ஒங்களால ஆவுமா?” அன்றுதான் அந்த அம்மா என்னைப் பற்றி என்னிடமே ஒரு கேள்வி கேட்டார்.

ஆகும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ரசம் நின்றது. ரெண்டு வாரத்தில் தனம் படியேறினாள். நான் கட்டிலாண்ட உட்கார்ந்தேன். வாரத்துக்கு ரெண்டு நாள். ஆஸ்பத்திரி போனில் கூப்பிட்டாலும் போய் எடுப்பதில்லை. டிரைவர் வந்து ஜன்னலுக்குக் கீழே ஹார்ன் அடித்தாலும் எழுந்திருப்பதில்லை. சிஸ்டர் கேட்பார், தனம் பஸ் போகும் நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்வாள். நடுவில் என் நாக்கு துடிக்கிற துடிப்பு எனக்குத்தான் தெரியும். அவளுக்கு என் போர் லாரிச் சத்தம் ஆரம்பத்திலிருந்தே பயம் என்று அங்கேதான் கேட்டேன். அந்த அரிப்பு எனக்குத் தெரிவதற்கு எட்டு மாசம் முன்னாலேயே இருந்ததாம். கல்யாணமான புதிதில் அவளுக்கு டெய்லரிங் கற்றுக்கொள்ள ஆசை, நான்தான் அவளைக் கேட்காமலேயே ‘அவளுக்கு அதெல்லாம் வராது’ என்று டீச்சரிடம் சொல்லி அனுப்பிவிட்டேனாம். எனக்கு ஞாபகம்கூட இல்லை. மறுத்துப் பேச முடியாது. உட்கார்ந்து கேட்டேன்.

நாலு வருஷம் இருந்தாள். டாக்டர் முதலில் சொன்னது ஒன்றரை. ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், வலி எதுவும் இல்லாமல் போனாள். சிஸ்டர் காரியத்துக்கு வந்தார், காப்பியில் ரெண்டு வாய் குடித்தார், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். சில வருஷத்தில் ரிட்டயர் ஆனார். ஆஸ்பத்திரியில் மாலை போட்டு, மேடை போட்டுப் பாராட்டினார்கள். நானும் கைதட்டினேன்.

இப்போது என் மகன் யாரிடம் பேசினாலும், “எங்கம்மாவுக்கு நாலு வருஷம் குடுத்தது அந்த சிஸ்டர்தான்” என்கிறான். மருமகளும் அதையே சொல்கிறாள். சொல்லட்டும். பொய்யில்லை. அரிப்பை அடக்கியது அவர், தாகத்தை அடக்கியது அவர், ரசத்தைக் கண்டுபிடித்தது அவர். அந்த ரசத்தை வைக்கச் சொன்னது நான், அதையும் எழுதிவிட்டேன். ஆனால் தனம் திரும்ப வருகிறேன் என்று சொன்னபோது கேட்டது ஒரே ஒரு விலை. அந்த விலையைக் கொடுத்தது சிஸ்டர் இல்லை. பாறையைக் குடைவது எனக்குச் சுலபம், ஆள் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நாலு வருஷம் ஒரு ஸ்டூலில் உட்காருவதற்கு ஆள் வைக்க முடியாது. அதைச் செய்தவன் நான். ஆகவே இனி அந்த நாலு வருஷத்தைப் பற்றி யார் பேசினாலும் சிஸ்டர் பெயரை முதலில் சொல்லட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. அடுத்த மூச்சில் என் பெயரைச் சொல்லியாக வேண்டும்.